துணிதான் பழையது: ‘கந்தை’ என்னும் சொல்லும் ஒரு டீ-சர்ட் போர்வையும்

விடுதி அறையைக் காலி செய்யும் நாள் நெருங்கும்போது ஆய்வு மாணவரின் உடைமைகள் இரண்டே வகையாகப் பிரிந்துவிடுகின்றன: நூல்கள், டீ-சர்ட்டுகள். நூல்களை அட்டைப்பெட்டியில் கட்டிவிடலாம். டீ-சர்ட்டுகளை என்ன செய்வது? கச்சிபௌலி வளாகத்தில் கழிந்த ஆண்டுகளில் என்னிடம் 14 சேர்ந்திருந்தன. கருத்தரங்குகளில் கிடைத்தவை, துறை விழாவுக்கு அடித்தவை, மாரத்தான் ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்கப் போனதற்காகத் தந்தது, அருகிலுள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் அணியாமல் தள்ளிவிட்டவை. அவற்றுள் ஒன்று, ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பிய நண்பன் விட்டுச்சென்றது. அணிய முடியாது, எறியவும் மனமில்லை.

அமெரிக்காவில் படிக்கும் தோழி ஒருத்தி, அங்கே பட்டம் பெறும் மாணவர்கள் இப்படிச் சேர்ந்த டீ-சர்ட்டுகளைச் சதுரங்களாக வெட்டிப் போர்வையாகத் தைத்துக்கொள்வார்கள் என்றாள். தையலுக்கு ஆள் தேடியபோது, வளாகத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் ‘பொந்த’ தைக்கும் அம்மா ஒருவரைக் காட்டினார்கள். பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் விரிப்புக்குத் தெலுங்கில் ‘பொந்த’ என்று பெயர். அவர் சொன்ன கூலியைக் கேட்டு, “பழைய துணிதானே அம்மா, இவ்வளவா?” என்றேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “துணிதான் பழசு பிட்டா. வேலை புதுசு.” (‘பிட்டா’ என்பது தெலங்கானாப் பேச்சில் பெரியவர்கள் பிள்ளைகளை அழைக்கும் சொல்.)

எனக்கு வெட்கமாக இருந்தது. கூலியை ஒப்புக்கொண்டு அறைக்குத் திரும்பிய பிறகும் அந்த வாக்கியம் விடவில்லை. பழந்துணிப் போர்வைகளின் வரலாற்றைப் பற்றி நான் படித்திருந்தவை பெரும்பாலும் சிக்கனத்தைப் பேசின, அல்லது நினைவைப் பேசின. உழைப்பைப் பேசியவை குறைவு. இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்தின் வழியே வரலாற்றைத் திரும்பப் பார்க்கும் முயற்சி.

*

மொழியியல் படித்தவன் சொல்லிலிருந்துதான் தொடங்க முடியும். தமிழில் ‘கந்தை’ என்றால் கிழிந்த துணி. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். இச்சொல்லோடு உறவுடைய வடசொல் ‘கந்தா’. அதன் பொருள் வெறும் கிழிசல் ஆகாது. துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடை, குறிப்பாகத் துறவியர் போர்த்திக்கொள்ளும் ஆடை. வங்காளத்தில் அதே சொல் ‘காந்தா’ என்று வழங்கி, பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்த போர்வையைக் குறிக்கிறது. ஒரே சொல், கிழக்கே அது தைக்கப்பட்ட பொருளின் பெயர், தெற்கே கிழிந்த பொருளின் பெயர். (பாணினியின் சூத்திரங்களில் ஊர்ப்பெயர்களோடு வரும் ‘கந்தா’ வேறு. அதற்கு நகரம் என்பது பொருள். ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

தமிழிலும் இச்சொல் எப்போதும் இவ்வளவு தாழ்ந்து கிடக்கவில்லை என்று நினைக்கிறேன். 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனாரை எண்ணிப் பாருங்கள். பழையாறையில் பொன்னும் மணியும் பட்டும் விற்ற வணிகர் அவர். அடியவர்களுக்கு அவர் விரும்பி அளித்தவற்றில் கீளும் கோவணமும் உண்டு, கந்தையும் உண்டு. பட்டு வணிகர் ஒருவர் வழிபாட்டு உணர்வோடு கொடுக்கும் பொருள் குப்பைத் துணியாக இருக்க முடியாது. அங்கே கந்தை என்பது ஓர் ஆடைவகையின் பெயர். திருக்குறிப்புத் தொண்டர் கதையிலோ காஞ்சிபுரத்து வண்ணார் ஒருவர், அடியவர் வேடத்தில் வந்தவரின் அழுக்கேறிய ஒற்றைக் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்து வாங்குகிறார். மழை விடாது பெய்ய, வாக்குத் தவறியதற்காகத் துணி துவைக்கும் கல்லில் தலையை மோதிக்கொள்ள முனைகிறார். அந்தக் கதையின் எடை முழுவதும் ஒரு கந்தையின் மேல் நிற்கிறது.

துறவியின் ஆடை என்ற பொருளிலிருந்து ஏழையின் ஆடை என்ற பொருளுக்கும், அங்கிருந்து ஆடையாகாத கிழிசல் என்ற பொருளுக்கும் இச்சொல் இறங்கியிருக்க வேண்டும். நம் பாடநூல்கள் ‘இழிபொருட்பேறு’ என்று இதைச் சொல்லும். ‘நாற்றம்’ அதற்குத் தேய்ந்த எடுத்துக்காட்டு. கந்தையின் வீழ்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சொல்லின் பொருளிலிருந்து உதிர்ந்தது ‘தைத்தல்’ என்னும் கூறு. துணி மிஞ்சியது, அதன்மேல் செய்யப்பட்ட வேலை மறைந்தது.

ஏன் மறைந்தது? தட்பவெப்பம் ஒரு காரணமாக இருக்கலாம். தமிழ் வீடுகளில் பாயும் சமக்காளமும் இருந்தன. பல அடுக்குப் போர்வைக்குத் தேவை குறைவு. பழம்புடவை வேறு வழிகளில் போயிற்று. குழந்தைக்குத் தூளியாயிற்று, பச்சைப்பிள்ளையைப் போர்த்தும் துணியாயிற்று, அடுப்பங்கரையில் கைப்பிடித் துணியாயிற்று. எஞ்சியதைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் வாங்கிப் போனார்கள். இவ்வாறு கைமாறும் துணி பிறகு எங்கே போகிறது என்பதை லூசி நாரிஸ் தில்லியை மையமாக வைத்து ஆய்ந்து 2010இல் நூலாக வெளியிட்டிருக்கிறார். பழைய துணியின் சமூக வாழ்க்கையில் ஆர்வமுள்ள மாணவர்கள் படிக்க வேண்டிய நூல் அது.

*

பழந்துணியின் பயணத்தைப் பற்றிய மிகத் தெளிவான பழைய விவரணை ஒன்று பாலி மொழி விநயபிடகத்தில், சுல்லவக்கத்தின் பதினொன்றாம் பகுதியில் இருக்கிறது. கோசாம்பியின் அரசன் உதேனனின் அந்தப்புரப் பெண்கள் ஆனந்தருக்கு 500 மேலாடைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனை ஆடைகளை வைத்து இந்தத் துறவி என்ன செய்வார், கடை வைப்பாரா என்று அரசனுக்கு ஐயம். நேரில் வந்து கேட்கிறான். ஆடை நைந்த துறவியருக்குப் பகிர்ந்து கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். அவர்களது பழைய ஆடைகளை என்ன செய்வீர்கள்? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். பிறகு தரைவிரிப்பு, பிறகு கால்துடைப்பான், பிறகு தூசி தட்டும் துணி. அதுவும் நைந்தால்? துண்டு துண்டாக்கி மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம். அரசன் மகிழ்ந்து இன்னும் 500 ஆடைகள் கொடுத்தான் என்று அந்தப் பகுதி முடிகிறது.

இந்த உரையாடலைச் சுற்றுச்சூழல் பாடமாக இன்று மேற்கோள் காட்டுகிறார்கள். வரலாற்று மாணவனுக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது: நன்றாகப் பயன்படுத்தப்பட்ட துணி சான்று எதையும் விட்டுச் செல்லாது. அது தரையில் மண்ணாகிவிடுகிறது. ஆகவே அருங்காட்சியகத்தில் நாம் காணும் பழந்துணிப் போர்வைகள் எல்லாம் விதிவிலக்குகள். பயன்படுத்தாமல் பெட்டியில் வைக்கப்பட்டவைதாம் பிழைத்தன. ஏழைகளின் அன்றாடப் போர்வை, தன் வேலையைச் செம்மையாகச் செய்ததாலேயே வரலாற்றிலிருந்து மறைந்தது.

அதே விநயபிடகத்தின் மகாவக்கத்தில், மகத நாட்டின் வரப்பு கட்டிய வயல்களைப் பார்த்த புத்தர் அந்த அமைப்பில் துறவியரின் ஆடையை வடிவமைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்கிறார். துண்டுகளாக வெட்டி ஒட்டித் தைக்கும் சீவர ஆடை அப்படித்தான் பிறந்தது. வெட்டப்பட்ட துணிக்குச் சந்தையில் மதிப்பில்லை, திருடுவோரும் விரும்பமாட்டார்கள் என்பது அதற்குக் கூடுதல் காரணம். வெட்டுவதால் துணி ஒரு மதிப்பை இழக்கிறது. தைப்பதால் இன்னொரு மதிப்பைப் பெறுகிறது. ஒட்டுத்துணியின் இலக்கணம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

*

வங்காளக் காந்தாக்களுள் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையும் அதற்குப் பிந்தியவையும். நைந்த துணிகள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத்தையல் போடுவார்கள். குளிர்காலத்துப் போர்வை ‘லேப்’. விருந்தினருக்கான விரிப்பு ‘சுஜ்னி’. நூல்களைச் சுற்றிவைப்பது ‘பாய்தன்’. கண்ணாடி சீப்பைச் சுற்றுவது ‘ஆர்ஷிலதா’. இத்தனை பெயர்கள் இருப்பதே அந்த வேலைக்கு அங்கே கிடைத்த மதிப்பைக் காட்டுகிறது.

இவற்றை முதலில் தீவிரமாகத் திரட்டியவர்களில் ஒருவர் குருசதய் தத் (1882–1941). ஆட்சிப்பணி அதிகாரியாக மாவட்டம் மாவட்டமாகச் சென்றபோது சேர்த்தவை இன்று கொல்கத்தாவின் ஜோகாவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய சேகரிப்பு பிற்காலத்தில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்து, 2009இல் அங்கே தொடங்கிய பெரிய கண்காட்சிக்கு அடித்தளமாயிற்று.

குருசதய் தொகுப்பில் ஒரு காந்தா மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. மானதாசுந்தரி தாசி என்ற பெண் தன் தந்தைக்காகச் செய்தது. சிப்பாய்கள், விக்டோரியா அரசியின் உருவமுள்ள நாணயங்கள் என்று காலனிய வங்காளமே அதில் ஊசிமுனையில் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் அவர் தம் பெயரைத் தைத்து வைத்திருக்கிறார். செய்தவர் பெயர் தெரிந்த காந்தாக்கள் சில உண்டு. பெயர் தெரியாதவை அவற்றைவிட எத்தனையோ மடங்கு.

தக்காணத்திலும் இந்தக் கைவேலை பல பெயர்களில் வாழ்கிறது. மராட்டியத்தில் ‘கோதடி’, ‘வாகள்’, வட கர்நாடகத்தில் ‘கவுதி’, தெலுங்கில் ‘பொந்த’, இந்தியில் ‘குதடி’. ஏழைக் குடியில் பிறந்த மேதையை இந்தியில் ‘குதடிக்குள் மாணிக்கம்’ என்பார்கள். உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில் வாழும் சித்திகள் செய்யும் ‘கவந்த்’ இவற்றுள் தனித்து நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளில் அடிமைகளாகவும் வீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். (ஹைதராபாத்வாசிகளுக்கு அந்த வரலாறு அந்நியமானதன்று. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படையின் பெயரை ஏ.சி. கார்ட்ஸ் பகுதி இன்றும் தாங்குகிறது.) பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி நடுப்பகுதி நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். மூலைகளில் சிறு முக்கோண மடிப்புகள் வைப்பார்கள். அவற்றுக்கு ‘பூல’, அதாவது பூ, என்று பெயர். பூ வைக்காத கவந்த் முழுமையடையாதது. 2004இல் சித்திப் பெண்களின் போர்வைக் கூட்டுறவு உருவாக உதவிய கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவல், 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் இவற்றைக் காட்சிக்கு வைத்தார்.

*

கடலுக்கு அப்பாலும் ஒரு பார்வை தேவை. ஏனெனில் டீ-சர்ட் போர்வை என்ற வழக்கம் அங்கிருந்துதான் நம்மிடம் வந்தது. அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்னும் ஊரில், அடிமைகளாயிருந்தவர்களின் பேத்திகள் பழைய வேலை உடுப்புகளில் போர்வை தைத்தார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அன்பின் பொருட்டு அதைப் போர்த்திக்கொள்ள விரும்பினார் என்று உடனிருந்து உதவிய மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டனில் காட்சிக்கு வந்தபோதுதான் கலையுலகம் அவற்றைக் கலை என்று ஒப்புக்கொண்டது. அதுவரை அவை பழந்துணி.

1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் திடலில் எய்ட்ஸ் நினைவுப் போர்வை முதன்முதலாக விரிக்கப்பட்டது. 1,920 பலகங்கள், ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு கல்லறையின் அளவு. இறந்தவர்களின் சட்டைகளும் டீ-சர்ட்டுகளும் அவற்றில் தைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அணிந்த டீ-சர்ட் அவருக்கு மாற்றாக நிற்கும் என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய பொதுச்சான்று எனக்குத் தெரியாது.

டீ-சர்ட்டுக்கும் ஒரு சொல் வரலாறு உண்டு. அதன் உள்நாட்டு உறவினர் ‘பனியன்’. குஜராத்தி வணிகரைக் குறித்த ‘வாணியோ’ என்ற சொல் ஐரோப்பியர் வாயில் ‘பன்யன்’ ஆகி, அத்தகையோர் அணிந்த மேலாடையையும், பிறகு உள்ளாடையையும் குறித்து, மீண்டும் நம்மிடம் பனியனாக வந்து சேர்ந்தது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதைக் காணலாம். வணிகன் சட்டையாகி, சட்டை ஒரு நகரத்தின் தொழிலாயிற்று. அந்த நகரம் திருப்பூர். ஷரத் சாரியின் 2004ஆம் ஆண்டு நூல், உழவுக் குடிகளிலிருந்து தொழிலாளராக வந்து முதலாளியானவர்களின் வழியே அந்நகரத்தை விளக்குகிறது. வெட்டும் மேசை, ஓவர்லாக் எந்திரம், செக்கிங் என்று ஒரு டீ-சர்ட் எத்தனையோ கைகளைத் தாண்டுகிறது. என் 14 டீ-சர்ட்டுகளிலும் பெயர்கள் அச்சிட்டிருந்தன. எல்லாம் நிறுவனங்களின் பெயர்கள், ஆதரவாளர்களின் பெயர்கள். தைத்தவர் பெயர் ஒன்றிலும் இல்லை.

*

இனி, போர்வை தைத்த கதை. முதலில் அந்த அம்மா என் துணியை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சேலை நெய்த துணி; ஊடும் பாவும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும். டீ-சர்ட் பின்னிய துணி, வளையம் வளையமாகக் கோத்தது. இழுத்தால் நீளும், வெட்டினால் ஓரம் சுருளும். அமெரிக்க முறையில் ஒவ்வொரு சதுரத்தின் பின்னாலும் பசையுள்ள துணியை இஸ்திரியால் ஒட்டி விறைப்பாக்குகிறார்கள். நம் தையற்காரர்கள் காலருக்குள் வைக்கும் பேஸ்டிங் போன்றது அது. அவர் அதை ஏற்கவில்லை. ஒட்டினால் போர்வை அட்டையாகிவிடும், உடம்பில் படியாது என்றார். “உன் அம்மாவின் பழைய நூல்சேலை இரண்டு கொண்டு வா.”

அடுத்த முறை ஊருக்குப் போனபோது கேட்டேன். அம்மா தேடி எடுத்துக் கொடுத்த சேலைகளில் ஒன்று என் தங்கைக்குத் தூளியாக இருந்தது. கயிறு பட்ட இடம் வெளுத்திருந்தது. அச்சேலைகளை அடியில் இரட்டையாக விரித்து, அவற்றின்மேல் டீ-சர்ட் சதுரங்களைப் பரப்பி, முதலில் நீளமாக இழையோட்டி நிறுத்திக்கொண்டு, பிறகு நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டார். நீளும் துணியை நெய்த துணி அடக்கிப் பிடித்தது. ரப்பர் போல் தடித்த அச்சுப் படங்களில் ஊசி ஏறவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு தள்ளினார். இரண்டு ஊசிகள் முறிந்தன. முடிக்க ஐந்து வாரங்களாயின. அவர் கேட்ட கூலியை அந்த ஐந்து வாரங்களால் வகுத்துப் பார்த்தேன். முதல் நாள் நான் பேரம் பேசியதை நினைத்து மறுபடியும் வெட்கப்பட்டேன்.

தைத்து முடித்த நாளில், ஓர் ஓரத்தில் அவர் பெயரையும் தைக்கச் சொன்னேன். மானதாசுந்தரியின் கதையையும் எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். கேட்டுச் சிரித்தார். தமக்கு எழுத்து வராது என்றார். நான் தாளில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னதற்கு, “என் பேரைப் போட்டு நீ என்ன செய்யப் போகிறாய்? நாலு பேருக்குச் சொல், தைக்கக் கொடுப்பார்கள்” என்றார். என் கேள்வி ஆவணக்காப்பகத்தின் கேள்வி. அவர் விடை அடுத்த மாதத்து வாடகையின் விடை. இரண்டையும் ஒரே வரலாற்றில் எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் செய்தவரின் பெயரை மட்டும் மீட்டெடுத்துவிட்டு, செய்ததற்கான கூலியை ‘பழைய துணிதானே’ என்று குறைப்பது வரலாறாகாது என்பது தெளிவு.

‘கந்தை’ என்ற சொல்லிலிருந்து தையல் உதிர்ந்ததை மேலே சொன்னேன். அது அகராதியில் மட்டும் நடந்ததன்று. பழந்துணியைப் பார்க்கும் நம் கண்ணிலும் அது நடந்திருக்கிறது. துணியின் வயதை வைத்து வேலையின் வயதையும் மதிப்பையும் கணக்கிடுகிறோம்.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் இந்த மரபுக்குத் தனிப்பெயர் நிலைக்கவில்லை என்று எழுதிவிட்டேன். அதை மறுக்கும் சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு, போர்வை, குழந்தைப் படுக்கை எதுவானாலும் உங்கள் ஊரில் அதை எப்படி அழைத்தார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஊரின் பெயர், தைத்தவர் உங்களுக்கு என்ன உறவு, கையால் தைத்தாரா எந்திரத்திலா, கூலிக்கா வீட்டுக்கா என்பவற்றையும் சேர்த்தால் சொல்லகராதியோடு ஒரு தொழில் வரைபடமும் கிடைக்கும். அகராதிகள் இதற்கு உதவவில்லை, பாட்டிமார் உதவக்கூடும்.

கச்சிபௌலியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்த அம்மா காலை பத்து மணிக்கு மேல் வேப்பமரத்தடியில் இருப்பார். இடம் வேண்டுவோர் தனிச்செய்தியில் கேளுங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.